டோக்கன் நாற்பத்தொன்று

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகம்.
முப்பத்திரண்டு ஓடுகிறது. எங்கள் கையில் நாற்பத்தொன்று.
சர்வர் படுத்துவிட்டது என்று
ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஆவுடையண்ணன் பைக்குள் கைவிட்டு
காந்தச் சதுரங்கப் பலகையை எடுக்கிறான்.
புனே ரயிலில் வாங்கியது.
வெள்ளையில் ஒரு யானை தொலைந்து
அதன் மூலையில் ஒரு சைக்கிள் நட்டு.

எங்களுக்கு நடுவே பெஞ்சில்
விடுதலைப் பத்திரம், பிளாஸ்டிக் உறையில்.
கன்னடியன் கால்வாய்க்குக் கீழே
நாலு மரக்கால் விதைப்பாடு.
அதில் என் பங்குக்கு அவன் போட்ட தொகை
எண்ணாலும் எழுத்தாலும்.

ராஜா முன்னால் நின்ற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளினான்.
நானும் தள்ளினேன். நெற்றிக்கு நெற்றி.
அடுத்து, பக்கத்து மந்திரியின் சிப்பாய், ரெண்டு கட்டம்,
என் சிப்பாயின் வாய்க்கு வாகாக.

"எடுத்துக்கோட்டி. சும்மாதான தாரேன்."

பன்னிரண்டு வயசில் எடுத்திருக்கிறேன். பதினைந்தில்.
கல்யாணத்துக்கு முந்தின வாரம் கூட.
ஒவ்வொரு தடவையும்
ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்துக்கொண்டு தோற்றேன்.
நடுக்கட்டங்கள் அவனுக்கு,
திறந்த பாதை அவன் யானைக்கு,
எனக்குக் கொசுறுக் கறிவேப்பிலை,
கைக்குள்ளேயே வாடியது.

ஹைகிரவுண்டில் என் வேலை ரத்தம் எண்ணுவது.
லென்சுக்குக் கீழே நூறு அணு முடியும்வரை
டாக்டரே ஆனாலும் காத்துத்தான் நிற்க வேண்டும்.

எடுக்கவில்லை.
கறுப்பு மந்திரியைச் சாய்வாக அனுப்பி
அவன் ராஜா ஒதுங்கப்போகும் கட்டத்தைப்
பார்த்தபடி உட்கார வைத்தேன்.
இப்போதைக்குக் கோட்டை கட்ட முடியாது அவனால்.

"பயந்துட்டியாட்டி?"
"வேண்டாம்னா பயமா?"

அப்புறம்தான் கவனித்தான்:
என் சிப்பாயும் காவலில்லாமல் நிற்கிறது.
வெட்டலாம். அதுவும் சும்மாதான்.
வெட்டினால் என் ராணி ஒரே சாய்வில் வந்து செக் சொல்லி
சைக்கிள் நட்டு வரைக்கும் கணக்குத் தீர்ப்பாள்.
அவன் விரல் அதன் தலைக்கு மேலேயே நின்றது.
இறங்கவில்லை.

தூறல் விழுந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்தார்.
மற்றவர் நீட்டியதைத் தொடாமல்
இத்தனை நேரம் நாங்கள் இருந்ததே இல்லை.

"பிசானத்துக்குத் தண்ணி விட்டாச்சாம்,"
பலகையைப் பார்த்தே சொன்னான்.
"தெரியும். நேத்து வயலுக்குப் போயி பாத்துட்டுத்தான் வந்தேன்."

நிமிர்ந்தான்.

சர்வர் எழுந்துவிட்டது.
முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது.
நாற்பதாம் எண்காரர் சாட்சிக்கு ஆள் தேடி
மழையில் ஓடுகிறார்.
அண்ணன் குதிரையை வெளியே எடுத்து வைத்தான்.
ராணியின் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி
என்னுடையதற்குக் காவல் போட்டேன்.

"நாப்பத்தொண்ணு! நாப்பத்தொண்ணு யாரு?"

பேனாவை மூடி கழற்றாமல் கைப்பைக்குள் போட்டேன்.
"ஒன் ஆட்டம்தாண்ணே," என்றேன்.
"யோசிச்சு வை."