முன்பணம்

குறிஞ்சிப்பாடியில் வீடு பார்த்தோம்.
போர்த் தண்ணியில் உப்பே கிடையாது என்று
ஒரு டம்ளர் பிடித்து நீட்டினார் தனகோடி.
குடித்தேன்.
லேசாகத் துரு.

கடலூருக்குக் கடைசி பஸ் ஒன்பதே கால்.
அதற்கப்புறம் எவருக்கும்
எங்கேயும் போகவேண்டி வராது
என்பதுபோல் சொன்னார்.

பின்கட்டில் நின்றால் மட்டும்
போனில் இரண்டு கோடு.
சென்னையிலிருந்து மேனேஜர் கூப்பிட்டார்.
எடுக்கவில்லை.
மணிமொழி ஜன்னலை நூலால் அளந்துகொண்டிருந்தாள்,
திரைச்சீலைக்கு.

“எத்தன வருஷம் இருப்பீங்க?”

இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம்.
நான் ஒன்று என்றேன்.
அவள் பத்து.

தனகோடி டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

குள்ளஞ்சாவடி தாண்டியும் பேச்சில்லை.
முன்பணக் கவர்
என் சட்டைப் பையில் வியர்வையில் நனைய,
அவள் ஆள்காட்டி விரலில்
இன்னும் சுற்றியிருக்கிறது
அந்த ஜன்னல்.