காடிக் கிண்ணம்

பதுவா. நாமாக இருந்தால் தைப்பனி என்போம்.
கிணறு போல இறங்கும் கூடம்.
ஆறு அடுக்கிலும் மாணவர்கள் நெருக்கியடித்து
கம்பியைப் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறார்கள்.
அடியில், மெழுகுவர்த்திகளின் நடுவே,
கியோஜாவின் படகோட்டி ஒருவன் படுத்திருக்கிறான்,
நான்காம் நாளாக.

நாற்றத்துக்குக் காடியில் நனைத்த பஞ்சு.
நனைத்துப் பிழிந்து கொடுப்பவன் பொர்த்தோலோ.
கூலி: இரண்டு வேளை சூப்பு,
யாருடையதென்று கேட்கக் கூடாத ஒரு ஜோடி பூட்ஸ்.

பேராசிரியர் தொடையெலும்பைத் திருகி எடுத்தார்.
ஜாடியின் மூடி கழன்றாற்போல ஒரு சத்தம்.
உள்ளே வழவழவென்று குழி.
கோலால் தொட்டு, மேல் அடுக்குக்கும் கேட்கும்படி,
'அசெதாபுலும்' என்றார்.

பொர்த்தோலோவின் காதில் முன்பாதிதான் விழுந்தது.
அசேதோ.
சந்தையில் காடிக்கு அதுதான் பெயர்.
ஓடினான்.
மண் கிண்ணத்தில் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து
பேராசிரியரின் முழங்கையருகே நீட்டினான்.

ஆறு அடுக்கும் சிரித்தது.
சிலேசியாவிலிருந்து வந்தவன் ஒருவன்
சிரித்த சிரிப்பில் குறிப்பேட்டைத் தவறவிட்டான்;
அது பிணத்தின் நெஞ்சில் விழுந்து திறந்துகொண்டது.

பேராசிரியர் சிரிக்கவில்லை.
கிண்ணத்தை வாங்கி இடுப்புக் குழியை ஒட்டி வைத்தார்.
அதே ஆழம். அதே வளைவு.
கிண்ணத்தில் ஓரிடத்தில் விளிம்பு பெயர்ந்திருந்தது.
குழியிலும்.
'ரோமில் இதைச் சாப்பாட்டு மேசையில் வைப்பார்கள்,
காடி ஊற்றி' என்றார்.
சிரிப்பு அடங்கப் பார்த்தது, முழுக்க அடங்கவில்லை.

பெல்விஸ் என்றால் கைகால் அலம்பும் தொட்டி.
பல் உட்காரும் பள்ளம், சின்னத் தொட்டி.
இதயத்தின் கீழறை, குட்டி வயிறு.
முழங்காலின் முன்னால் இருப்பது அவர்களுக்குச் சிறு தட்டு.
நாம் சில்லு என்றோம்.
உடைந்த பிறகுதான் பார்த்தோம் போலிருக்கிறது.

பெயர் வைத்தவன் பெரிய பண்டிதனாகவே இருக்கட்டும்.
அன்றைக்கு அவன்
சாப்பிடாமல் வேலைக்கு வந்திருக்கிறான்.

இரவு எல்லோரும் போன பின்
பொர்த்தோலோ மேசையடியில் தண்ணீர் விட்டுத் தேய்த்தான்.
முப்பது வருஷம் நின்றபடியே துடுப்புப் போட்ட இடுப்பு
துணி மூடாமல் கிடந்தது.
அதன் பக்கத்திலேயே கிண்ணம்.
அடியில் கொஞ்சம் காடி மிச்சம்.

சட்டைக்குள்ளிருந்து ரொட்டியை எடுத்தான்.
முகர்ந்து பார்த்தான், கிண்ணத்தை.
இன்னொரு முறை முகர்ந்தான்.

தோய்த்துத் தின்றான்.