மேல்மண்

பெருந்துறை ரோட்டு ஆஸ்பத்திரியில்
டாக்டர் மூன்று வார்த்தை சொன்னார்:
எலுமிச்சை, சாவி, பலூன்.
"ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் கேப்பேன்."
கூலி பேசி முடித்த ஆள் மாதிரி
இவர் தலையாட்டினார்.

நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கணும்.
தொண்ணூத்தி மூணு.
அப்புறம் சன்னல்.
வெளியே தண்ணி லாரி ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது.
"வரட்டும்... வரட்டும்... ஹோல்டான்" என்றார்.

"பழக்கம் ஏதாச்சும் உண்டுங்களா?"
"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."
பொய் என்று தெரிந்து சொன்னால்தானே பொய்.
நான்தான் சொன்னேன், கஞ்சா என்று.
அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொன்னது
அதுதான் முதல் தடவை.
வசந்தாமணி மடியிலிருந்து ஸ்கேன் கவர் நழுவியது.

முப்பத்தெட்டு வருஷம் ரிக் வண்டி.
திருச்செங்கோட்டில் ஏறினால் நாக்பூர், ராய்ப்பூர்,
பேர் வாயில் நுழையாத காடுகள்.
ராவும் பகலும் கம்ப்ரசர் இரைச்சல்.
காது அடங்கத்தான் தொட்டிருப்பார், நான் கேட்டதில்லை.
வீட்டுக்கு வந்தால் சட்டையில்
பச்சைத்தழை கருகிய வாசம்.
டீசல் என்பார்.
டீசல் என்றே துவைத்தேன்.
பொழுதோட பொடக்காளியில் ஒரு பொறி மினுங்கும்.
போசியைச் சத்தமாக வைப்பேன்,
நான் வருவது தெரியட்டுமென்று.
எங்கள் மரியாதை அப்படி இருந்தது.

போன ஆடியில்
அடுப்படி வாசலில் நின்று கேட்டார்,
சோப்பு டப்பாவைக் கேட்கிற குரலில்:
"அம்மிணி, என்ற பொட்டலத்தைப் பாத்தியா?"

ஒளித்த இடம் மறந்தால் போகட்டும்.
ஒளித்ததே மறந்துவிட்டது.
நெம்ப வெசனமாகிவிட்டது எனக்கு.

அட்டாலி மேல், பழைய ஹெல்மெட்டுக்குள்.
எடுத்துக் கொடுத்தேன்.
தீர்ந்தபோது
யாரிடம் கிடைக்குமென்று விசாரித்தும் கொடுத்தேன்.
தூங்கினாரே.
நடுச்சாமத்தில் தாழைத் திறந்து ரோட்டுக்குப் போகாமல்
தூங்கினாரே.
டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.

பெங்களூரிலிருந்து மகன்,
"இப்ப அதையே மருந்துங்கறாங்கம்மா, எண்ணெயா விக்குது."
மகள், "அதுதான் மூளையை அரிச்சிருச்சு."
டாக்டர் எந்தப் பக்கமும் சாயவில்லை.
"அதனாலதான்னு சொல்ல முடியாதுங்க.
அதனால இல்லைன்னும் சொல்ல முடியாது.
சக்கரை இருக்குது, பிரஷர் இருக்குது, காது மந்தம்.
நிறுத்திப் பாத்தாத்தான்
புகை எது, நோவு எதுன்னு கொஞ்சமாச்சும் பிரியும்.
தலை சுத்தி விழுந்தா இந்த வயசுல இடுப்பு போயிரும்."

போர் போடும்போது முதலில் வருவது புழுதிதான்.
வெள்ளைப் புகையாய் ஆளை மூடும்.
ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் தேய்ப்பார்,
ஈரம் தட்டுகிறதா என்று.
மேல்மண் சரியாமலிருக்கக் கேசிங் இறக்குவார்கள்.
பாறைக்கு வேண்டியதில்லை, அது தானாக நிற்கும்.

காலையில் தின்ற இட்லி சரிந்துவிட்டது.
மகன் பேர் சரிந்துகொண்டிருக்கிறது.
சும்மா கேட்டுப் பார்த்தேன்,
காங்கயத்தில் அந்தப் புளியமரத்துத் தோட்டம்?
"அறுநூத்தி எம்பதடி. நாலாவது ராடுலயே பாறை.
ஒண்ணேகா இஞ்சுத் தண்ணி.
பாதிக் காசு இன்னும் வரோணும்."

டாக்டர் மறுபடி கேட்டார், அந்த மூன்று வார்த்தை.
"சாவி" என்றார்.
பிறகு என்னைப் பார்த்தார்,
எடுத்துக் கொடு என்பது போல.

பஸ்ஸில் அவர் என் தோளில் தூங்கினார்.
நான் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
எலுமிச்சை. சாவி.
பள்ளிபாளையம் பாலம் தாண்டியும்
மூன்றாவது வரவில்லை.
ஒரு இழுப்புக்கூட இழுத்தவளில்லை நான்.

பொழுது இறங்கியது.
ஹெல்மெட்டை இறக்கி மடியில் வைத்திருந்தேன்,
சாக்கடையில் கொட்டவா, வேண்டாமா என்று.
செருப்புச் சத்தம் அடுப்படி வாசலில் நின்றது.
கேட்கப்போகிறார்.

"அம்மிணி,
அந்தப் பலூன் யாருக்கு வாங்குனது?"