வாழையிலை பத்து

கொட்டாஞ்சேனைச் சந்தையில் இலைக்காரன் கேட்டான்,
"அக்கா, வீட்டில விசேஷமோ?"
ஓம் என்றேன்.
கிழியாத இளம் இலையாய்ப் பத்து.
ஒரு நாளுக்குப் பத்து.

மாத்திரை சின்னது, வெள்ளை.
வலிப்புக்கு எழுதினார்கள். வலிப்பும் நின்றது.
பதினோராம் நாள் கண் சிவந்தது;
மருதானைப் புழுதி என்றார் அருளப்பு.
அடுத்த நாள் உதடு வெந்தது;
கொதிக்கக் கொதிக்கத் தேத்தண்ணி குடித்ததற்கு ஏசினேன்.
ஏசிவிட்டு
அன்றிரவு மாத்திரையையும் நானே கொடுத்தேன்,
தண்ணீரும் நானே.

பெரியாஸ்பத்திரி வாசலில் தூக்கி இறக்கும்போது
அவர் முதுகுத் தோல் என் உள்ளங்கையில்
நனைந்த கடதாசிபோல் தங்கிவிட்டது.

துணி ஒட்டுமாம். அதனால் இலை.
எண்ணெய் பூசி விரித்து
அதன்மேல் கிடத்துகிறார்கள்.
நடு நரம்பு உறுத்தாமல் இருக்க
சிங்களத் தாதி ஒருத்தி குனிந்து
சவர அலகால் சீவிக்கொண்டிருக்கிறாள்,
மூச்சு விடவும் மறந்து.

இமை ஒட்டிப்போன அவர்
வாசனையை வைத்துக் கேட்டார்:
"ஆருக்குக் கலியாணம்?"

மோதிரத்தை அறுத்து எடுத்து
ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார்கள்.
கூடவே ஒரு மட்டை, மூன்று மொழியில்,
சிவப்பு மையில் மருந்தின் பெயர்.
தமிழ் வரி எழுத்துப் பிழையோடு:
வாழ்நாலில் இனிக் கொடுக்கக் கூடாது.

பிழையான அந்தச் சொல்லை
இரண்டு தரம் வாசித்தேன்.
எழுதினவர்
நம்பித்தானே எழுதியிருப்பார்.