ஒரு சாண்

பதினோரு வருஷம் பக்கத்து மேசை.
ரப்பர் முத்திரை என்னுடையது, கையெழுத்து அவருடையது.
அவரைப் பற்றிச் சொல்ல அது போதுமா,
தெரியவில்லை. சொல்கிறேன்.

ரெஃபூஹியோ ஓல்வேரா. வீட்டில் கூக்கா.
சுவரொட்டியில் மட்டும் ‘குட்டிக் கண்ணீர்’.
ஆறு வயதில் முதல் படம், பன்னிரண்டுக்குள் பதினான்கு.
மெக்சிகோ நகரத்தில் அன்றைக்கு
அவள் முகம் ஒட்டாத சோப்பு டப்பா கிடையாது.

வெங்காயம் வேண்டாம், கிளிசரின் வேண்டாம்.
இயக்குநர் காதருகே குனிந்து
“உன் நாய் செத்துப்போச்சு” என்பார்.
காமிரா ஓடும்.
நாய் ஸ்டுடியோ வாசலில்
எலும்பு கடித்துக்கொண்டிருக்கும்.
மூன்றாவது படத்தில் விஷயம் புரிந்துவிட்டது.
புரிந்த பிறகும் அழுதாள்.
கூலிக்கு மாரடிக்க
ஏழு வயது தாராளம்.

பிறகு ஒரு தப்புச் செய்தாள்: வளர்ந்தாள்.
செட்டில் தச்சர்கள் கதவுகளைப் பெரிதாக்கினார்கள்,
நாற்காலிக் கால்களை நீட்டினார்கள்,
விழுந்த பல்லுக்குப் பதில்
பொய்ப் பால்பல் மாட்டினார்கள்,
பிறப்புப் பத்திரத்தில் இரண்டு வருஷத்தைச் சுரண்டினார்கள்.
கைக்கு எட்டும் கைப்பிடியை
எட்டாதது போல எம்பி எம்பி
ஒரு நாள் கதவே திறக்கவில்லை.

சம்பாதித்த பணமா?
அப்பா சேவல் சண்டைக்குப் போவார்.
சேவல்களைக் கேளுங்கள்.

தேர்வெழுதிப் பதிவு அலுவலகத்துக்கு வந்தார்.
பிறப்பு, கல்யாணம், இறப்பு;
அதே மூன்று கதைதான், வசனம் கிடையாது.
தலைமைப் பதிவாளர் ஆனதும்
முதல் வேலை கவுன்ட்டர்.
ஜனங்கள் மோவாயைத் தூக்கிக்கொண்டு
எங்கள் முகத்தைத் தேடுகிற உயரம் அது.
மேலிடத்துக்கு ஒன்பது கடிதம். பதில் இல்லை.
ஒரு சனிக்கிழமை நிசெஃபோரோ என்ற தச்சரோடு வந்து
ஒரு சாண் அறுத்துப் போட்டார்.
நான் தும்மிக்கொண்டே மரத்தூள் பெருக்கினேன்.

அந்த வாரமே, மதிய இடைவேளையில்,
தன் ஆபீஸில் தானே வரிசையில் நின்றார்.
முன்னால் ஏழு பேர்.
கட்டணம் கட்டினார், சில்லறை சரியாக இருந்தது.
சுரண்டிப்போன இரண்டு வருஷத்தைத் திரும்ப வாங்கினார்.
நாற்பது வயது
ஒரே மத்தியானத்தில் நாற்பத்திரண்டு.
“கேக் எங்கே?” என்றேன்.
கன்னத்தில் குழி விழும் என்பது
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

எண்பத்தைந்து, செப்டம்பர்.
தரை ஆடிய மறுநாள்
பேஸ்பால் மைதானத்தில் மேசை போட்டோம்.
புல்வெளி முழுக்க ஐஸ் கட்டிகள்.
மற்றதைச் சொல்லமாட்டேன்.

தலைமுடியெல்லாம் சுண்ணாம்புத் தூசியோடு
ஒரு பஸ் டிரைவர். உற்றுப் பார்த்தார்.
“குட்டிக் கண்ணீர் இல்லையா நீங்கள்?
கடைசி ரீலில் நீங்கள் அழுவீர்கள்,
செத்த அம்மா எழுந்து உட்காருவாள்.
மூன்று தரம் பார்த்திருக்கிறேன்.
இங்கேயும் ஒரு தரம் அழுதுவிடுங்கள், தாயே.
அதோ, நாலாவது வரிசை.”

முத்திரை என் கையில் அந்தரத்தில் நின்றது.
அவர் பேனாவை மூடினார்.
திறந்தார்.
“பெயர்?”
“ஓத்திலியா.”
“நடுவில் ஹெச் உண்டா?”
“இல்லை. அவளுக்கு அது பிடிக்காது.”
“ஹெச் இல்லை” என்றபடி எழுதினார்.
வரிசையில் யாரோ
கல்நெஞ்சக்காரி என்றது எங்களுக்குக் கேட்டது.
காசுக்கு வந்ததே, இப்போது எங்கே போச்சு
என்றது இன்னொரு குரல்.
“அடுத்தவர்” என்றார்.

அன்றிரவு மெழுகுவர்த்தி வைத்துக்கொண்டு
பக்கம் பக்கமாகச் சரிபார்த்தேன்.
ஓர் எழுத்தும் நனையவில்லை.
ஓத்திலியாவின் வரியில் மட்டும்
நிப்பு காகிதத்தைக் கிழித்திருந்தது.
அடுத்த பக்கத்தைத் தடவினேன்,
அதற்கடுத்ததையும்.
மையே இல்லாமல்
அந்தப் பெயரைப் படிக்க முடிந்தது.