அல்மிரான்டேவுக்கு எதிராக

மதில்மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று
இங்கே யாரும் யோசிக்க வேண்டியதில்லை.
என் பக்கம்தான்.
எப்போதும் என் பக்கம்தான்.

வால்பரைசோவின் மலைச்சரிவில்
தகரச் சுவர் வீட்டுக்குப் பின்னால்
எனக்கிருப்பது எட்டு அடி நீளம், நாலு அடி அகலம்.
இரவெல்லாம் துறைமுகத்தில்
கன்டெய்னர்களை எடைபோடுகிறவள் நான்.
அவற்றில் சின்னதுகூட
என் தோட்டத்தை மதிலோடு விழுங்கிவிடும்.

செப்டம்பரில் கேரட் விதைத்தேன்.
விதையா அது, தூசி.
மூச்சைப் பிடித்துத் தூவி
மாவு சலிக்கும் சல்லடையில் மண் சலித்து மூடினேன்.
விடிந்து, வேலை முடிந்து வந்தால்
நடுப்பாத்தியில் ஒரு குழி,
அதை அரைகுறையாய் மூடிய ஒரு குவியல்,
நன்றிகூடச் சொல்லாமல் நடந்துபோன
நாலு கால் தடம்.

சாம்பல் நிறம். ஒரு காது கிழிசல்.
பக்கத்து வீட்டு நோல்பெர்த்தோவின் அல்மிரான்டே.
"என்னுடையது என்று சொல்லமுடியாது" என்பார் அவர்.
"சாப்பாடு நான் போடுகிறேன்.
மற்றதெல்லாம் அதன் சொந்த விஷயம்."
அந்த மற்றதெல்லாம்
என் கேரட்டின் மேல்.

விதைக்கடைக்காரன்
பாச்சை உருண்டைப் பொட்டலத்தை நீட்டினான்.
வேண்டாமென்றேன்.
அது மூக்கோடு நிற்காது, ஈரல்வரை போகும்.
பூனை வராமல் இருந்தால் போதும் எனக்கு,
இல்லாமல் போகவேண்டாம்.

அப்புறம் என் சமையலறையே ஆயுதக்கிடங்கு.
மதிலில் வினிகர் தெளித்தேன்.
மூன்று நாள் வீடே ஊறுகாய் ஜாடி.
நாலாம் நாள் கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி
சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது.
ரோஸ்மேரிக் கிளைகளை வெட்டிப் பரப்பினேன்.
முகர்ந்தது. தும்மியது.
சுற்றிக்கொண்டு போய்ப் பூண்டுச் செடியருகே தோண்டியது.
யாருடைய பிறந்தநாளிலோ மிஞ்சிய
பிளாஸ்டிக் முள்கரண்டிகளைப் பல் மேலாக நட்டேன்,
மண்ணுக்கடியில் ஒரு விருந்தே
பரிமாறக் காத்திருப்பதுபோல.
அல்மிரான்டே
இரண்டு கரண்டிகளுக்கு நடுவே
அளவெடுத்து உட்கார்ந்தது.

கடைசியில் கீழே போனேன்,
அசென்சோர் அடிவாரத்தில் ஜூஸ் பிழியும் எர்மெலிந்தாவிடம்.
ஆரஞ்சுத் தோல் வேண்டும்.
எவ்வளவு?
எல்லாம்.
இரண்டு சாக்கு. அந்த மரப்பெட்டி லிஃப்டில்
ஒரு பல்லுக்குத்தும் கிழவர் எனக்காக ஒதுங்கி நின்று
"கல்யாணமா?" என்றார்.
அன்றிரவு எடைமேடையில் லாரிக்காரர்கள்
பழலோடு எங்கே என்று தேடினார்கள்.
என் விரல்கள்தான்.

பலித்தது.
மதிலில் நின்று பார்த்தது, கண்ணை இடுக்கியது,
வாழ்க்கையில் முதல் தடவையாக
மறுபக்கம் குதித்தது.
பத்து நாளில் மண்ணில் பச்சை நூல்,
ஊசி கோக்கக் கூசும் மெல்லிசு.

தோல் காய்ந்தால் வாசம் செத்துவிடும்.
சனிக்கிழமை புதுத் தோலுக்குப் போனேன்.
எர்மெலிந்தா உதட்டில் விரல் வைத்து
பெட்டியைக் காட்டினாள்.
பிழிந்த தோல்களின்மேல்
வயிற்றைக் காட்டிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு
அல்மிரான்டே.
"ஒரு வாரமா இங்கதான்.
அசென்சோர்ல வருது. டிக்கெட்டும் எடுக்கறதில்ல."

அதை எழுப்பாமல்
ஓரத்திலிருந்து கொஞ்சம் தோல் உருவிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் மதிலுக்கு அப்பால்
தட்டில் கரண்டியைத் தட்டும் சத்தம்.
அல்மிரான்டே. அல்மிரான்டே.
நான் பாத்திக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.
இன்னும் இரண்டு இலை விடட்டும் என்று
வாயை மூடிக்கொண்டேன்.
இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்.
தெளிப்பதற்கு இடமே மிச்சமில்லை, தெளித்தேன்.
மூன்றாம் தடவை
பெயரின் பாதியிலேயே குரல் நின்றுவிட்டது.

ஈரக்கையைப் பாவாடையில் துடைத்தேன்.
வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி
மதில்மேல் உட்கார்ந்தேன்.
இந்தப் பக்கம் பச்சை நூல்.
அந்தப் பக்கம் தட்டும் கையுமாய் அந்த மனிதர்,
என்னை அண்ணாந்து பார்த்து,
என்மேல் வீசும் ஆரஞ்சு வாசத்துக்கு
முகம் சுளித்தபடி.