பல் வலி

அரசுப் பட்டியலில் என் முறை வர
பதினான்கு மாதம் ஆகுமாம்.
அதனால் தொண்ணூறு யூரோ.
ஒரு நடுத்தர டயரின் விலை,
பொருத்துக்கூலி சேர்த்து.

ஸ்லைகோவில், சாவிக்கடைக்கு மேல்மாடி.
கதவில் பெயர் மட்டும்: ஹெஷன்.
என்ன வைத்தியம் என்று எழுதவில்லை.
அதற்கே நன்றி சொல்லலாம்.

கிரான்யாவிடம் பல் வலி என்றேன்.

முதல் நாள் ஐம்பது நிமிடமும்
டயர் பற்றியே பேசினேன்.
ஆணி ஏறியும் காற்று இறங்காமல் ஓடும் சில,
ஆணியே அடைப்பாக நிற்கும்,
பிடுங்கினால்தான் சீறும் என்றேன்.
ஹெஷன் அம்மையார் எதையோ குறித்துக்கொண்டார்.
நான் உவமை சொல்லவில்லை,
தொழிலைத்தான் சொன்னேன்.

மூன்றாம் வாரம்
தம்பி டாஹியின் பெயரை எடுத்தேன்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.
டிஷ்யூ பெட்டியை அவர் நகர்த்தவில்லை.
என் கைக்கு எட்டும் தூரத்தில்தான்
முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது.

ஐந்தாம் வாரம் பேசியது
இங்கே வேண்டாம்.

இறங்கி வந்து வேனில் உட்கார்ந்தேன்.
மழை. வைப்பர் போடாமல்
கொஞ்ச நேரம்.
சாவிக்கடைக்காரன் ஷட்டரை இறக்கிவிட்டு
கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிப் போனான்.

சூப்பை ஆற்றிக்கொண்டே கிரான்யா கேட்டாள்:
இன்னும் எத்தனை பல் பாக்கி?
தெரியவில்லை.
மரத்துப்போக ஊசி போடுவதில்லையா?
இல்லை.
அவள் பார்த்தது என் கண்களை,
வாயை அல்ல.

அடுத்த வியாழன்
கோட்டுப் பையில்
இரண்டு இருபது யூரோத் தாள்கள்,
நான் வைக்காதவை.